லீ சோங் வெய்யும் லின் டானும் அரையிறுதியிலேயே மோதியது எப்படி?

2008 பெய்ஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக் இரண்டிலும் பூப்பந்து ஆண்கள் ஒற்றையர் இறுதியாட்டத்தில் மோதியவர்கள், பினாங்கு புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த டத்தோ லீ சோங் வெய்யும் சீனாவின் லின் டானும். 2016 ரியோவில் மட்டும் அரையிறுதியிலேயே சந்தித்தார்கள். இதில் சதி ஏதும் இல்லை. லின் டான் அப்போது மூன்றாம் நிலை ஆட்டக்காரர், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் 'சீடிங்' எனப்படும் இந்த முறையின் நோக்கம், பலமானவர்கள் தொடக்கச் சுற்றுகளிலேயே ஒருவரையொருவர் வெளியேற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது. முதல்நிலை ஆட்டக்காரரின் பெயர் அட்டவணையின் உச்சியில் இருக்கும். இரண்டாம் நிலையாளரின் பெயர் கடைசி வரியில். இவர்கள் இறுதியாட்டத்திற்கு முன் சந்திக்க வழியே இல்லை. மூன்றாமவரும் நான்காமவரும் எந்தப் பாதிக்குப் போவார்கள் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். ரியோவில் லீ முதல்நிலை, சென் லோங் இரண்டாம் நிலை. லின் டான் லீயின் பாதியில் வந்து விழுந்தார். லீ அவரை 15-21, 21-11, 22-20 எனப் போராடி வென்றார். மறுநாள் சென் லோங்கிடம் தங்கத்தை இழந்தார்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே இவ்வளவு தூரம்! பூப்பந்துத் தரவரிசையில் ஒருவரின் கடந்த 52 வாரங்களில் சிறந்த 10 போட்டிகளின் புள்ளிகள் கணக்கிடப்படுகின்றன. ஆட்டக்காரர்கள் ஓய்வின்றி நாடு நாடாகப் பறப்பது இதற்காகவும்தான்.

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் போட்டியில் இந்தச் சலுகை இன்னும் பெரிது. 64 அணிகள் நான்கு நான்காக 16 இடங்களில் ஆடும். முன்னணி அணிகளுக்குப் பொதுவாகச் சொந்தத் திடலே ஆட்டக்களமாகிவிடும்.

ஆனால் முதல்நிலையும் சொந்த ஊரும் சேர்ந்தாலும் வெற்றி உறுதியில்லை. 2014 மார்ச்சில் பினாங்கில் நடந்த பெண்கள் உலக ஸ்குவாஷ் போட்டியில் டத்தோ நிக்கோல் டேவிட்தான் முதல்நிலை. பிறந்த மண், ஆதரவாக ஆர்ப்பரிக்கும் கூட்டம். அரையிறுதியில் 18 வயது எகிப்தியர் நூர் எல் ஷெர்பினியிடம் தோற்றார். அதே ஆண்டு டிசம்பரில் கெய்ரோவில் தம் எட்டாவது உலகப் பட்டத்தை வென்றார் என்பது வேறு கதை.

நம் தோட்டத்துக் காற்பந்துப் போட்டிகளுக்கும் இது பொருந்தும். 11 அணிகள் வந்தால் அட்டவணைக்கு 16 இடங்கள் வேண்டும். ஐந்து இடங்கள் காலியாக இருக்கும். அதாவது ஐந்து அணிகள் முதல் சுற்றில் ஆடாமலேயே காலிறுதிக்குப் போகும். சண்டை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. அந்த ஐந்து அணிகள் எவை, எந்த அடிப்படையில் என்பதை ஏற்பாட்டாளர்கள் குலுக்கலுக்கு முன்பே எழுதி அறிவித்துவிட வேண்டும். கடந்த ஆண்டு முடிவுகள் இருந்தால் அவற்றைக் கொண்டு வரிசைப்படுத்தலாம். எதுவும் இல்லையென்றால், எல்லாரும் பார்க்க முழுக் குலுக்கல் நடத்துவதே நியாயம்.