12-க்கு 15 ஹாலில் எத்தனை பெட்டி?

செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ நடுத்தரக் குடும்பத்து ஹால் ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 12 அடிக்கு 15 அடி. உயரம் 10 அடி. மேலே தட்டையான கான்கிரீட், நடுவில் ஃபேன். 12 அடிச் சுவரில் டிவி, எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. கையில் 60,000 ரூபாய். வாங்க வேண்டிய ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் செட் 5.1-ஆ, 7.1-ஆ, தலைக்கு மேலிருந்தும் ஒலிக்கும் அட்மாஸ் 5.1.2-ஆ?

7.1-ஐ உடனே தள்ளிவிடலாம். அதில் கூடும் 2 பெட்டிகள் முதுகுக்குப் பின்னால் தள்ளி நிற்க வேண்டியவை. இங்கே முதுகுக்குப் பின்னால் இருப்பது சுவர்.

அட்மாஸ் ஆசை இயல்பானது. 2012 டிசம்பரில் ‘சிவாஜி 3டி’ அந்த ஒலியோடு வந்ததிலிருந்து, தலைக்கு மேல் ஓடும் சத்தம் தமிழ் ரசிகருக்குத் தெரியும். டேட்டா செலவும் தடையில்லை. நெட்ஃப்ளிக்ஸ் 2019-இல் அறிவித்த உச்ச அளவு 5.1-க்கு நொடிக்கு 640 கிலோபிட், அட்மாஸுக்கு 768. இரண்டரை மணி நேரப் படத்துக்கு முறையே 720 எம்பி, 864 எம்பி. 144 எம்பிதான் வித்தியாசம்.

இடிப்பது பெட்டிக் கணக்கில். ரிசீவருக்கு 25,000, சப்வூஃபருக்கு 10,000 என்று வைத்தால் மிச்சம் 25,000. அதைச் சமமாகப் பிரிக்கக் கூடாது. படத்தில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். ஃபேன் இரைச்சலைத் தாண்டி அது கேட்டாக வேண்டும். ஆகவே சென்டருக்கு 9,000, முன்பக்க இரண்டுக்கும் தலா 5,000, பக்கவாட்டு இரண்டுக்கும் தலா 3,000. மேலே இன்னும் 2 பெட்டிக்கு 6,000 எடுத்தால் சென்டருக்கு மிஞ்சுவது 3,000. வசனம் புரியாமல் ஹெலிகாப்டர் மட்டும் மேலே பறந்து என்ன பயன்? ஒலியைக் கூரையில் மோதித் திருப்பும் வகைப் பெட்டி வாங்கினாலோ, குறுக்கே ஃபேன் இறக்கை சுற்றுகிறது. என் தீர்ப்பு 5.1. அட்மாஸில் வரும் படத்தையும் 5.1 ரிசீவர் வாங்கி ஒலிக்கும். மேலிருந்து வர வேண்டிய சத்தம் கீழுள்ள பெட்டிகளில் சேர்ந்துவிடும்.

செலவே இல்லாத ஒரு வேலை: சோபாவைச் சுவரிலிருந்து 3 அடி முன்னே இழுங்கள். 15 அடி நீள அறை 38, 76 ஹெர்ட்ஸில் அதிரும். அதிர்வு சுவரோரம்தான் உச்சம். 3 அடி தள்ளினால் 76-இன் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும், பேஸ் தெளியும். பக்கவாட்டுப் பெட்டிகளைக் காதுக்குச் சற்றுப் பின்னே, 110 டிகிரியில் வைக்கவும் இடம் கிடைக்கும்.

வயர் 5.1-க்குச் சுமார் 25 மீட்டர், 5.1.2-க்கு 39. தூய செம்பில் 1.5 சதுர மி.மீ. போதும், 10 மீட்டர் ஓட்டத்துக்கு, போக வர, 0.24 ஓம்தான் தடை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு வயர் கடலோரத்தில் வேண்டாம், உப்புக்காற்று அரித்துவிடும். மாமல்லபுரத்தில் ஈயம் பூசிய செம்பு கிடைத்தால் விடாதீர்கள். 5 பெட்டிக்கு 20 முனைகள், 7 என்றால் 28. அத்தனையையும் ஆண்டுதோறும் தை பிறந்ததும் அவிழ்த்து, பச்சை பிடித்த நுனியை நறுக்கி மறுபடி முறுக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு முனையிலும் ஓரடி கூடுதலாக விட்டே வயரை வெட்டச் சொல்லுங்கள்.