திமிங்கிலத்தின் பூர்வீகம் சொன்ன கற்கள்

உடைக்காமலே மறைந்தார் ரங்காராவ். கட்டிக் காத்தார் மனைவி!

2016-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தை வடாலா, தாராவி வட்டாரத்தில் வாழும் நெல்லை, தூத்துக்குடித் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு கடற்கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் பாடுபட்டுப் பலவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டனர். ஆயினும் பல மாண்டன. அதே மாதக் கடைசியில் இங்கே ஜுஹு கடற்கரையிலும் முப்பது அடிக்கு மேல் நீளமுள்ள திமிங்கிலம் ஒன்று செத்து ஒதுங்கியது. வடாலா ரோடு நிலையத்தில் அந்தேரி வண்டியைப் பிடித்தால் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரம்தான்!

பார்வைக்கு மீன் போலிருந்தாலும் திமிங்கிலம் மீன் இனம் அல்ல. நுரையீரலால் மூச்சு விடுகிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. அப்படியானால் அதன் பூர்வீகம் தரைதான். தரையில் நடந்த எந்தப் பிராணி கடலுக்குக் குடிபெயர்ந்தது?

பரிணாமக் கொள்கையை 1859-இல் நூலாக வெளியிட்ட சார்லஸ் டார்வின், வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடியை இதற்கு உதாரணம் காட்டினார். பலரும் கேலி செய்யவே, அடுத்த பதிப்பில் அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டார். இந்தப் புதிருக்கு விடை தரும் முக்கியமான துண்டு நம் நாட்டு மண்ணில் கிடைத்தது. அதைத் தேடி எடுத்தவர் ஏ. ரங்காராவ் என்ற இந்தியப் புவியியல் அறிஞர்.

கலாகோட்டில் கிடைத்த பல்

காஷ்மீர் மாநிலமாக அன்று இருந்த பகுதியில், ரஜௌரி மாவட்டத்திலுள்ள ஊர் கலாகோட். இமயமலை அடிவாரம். அங்குள்ள பாறைகளில் புதைந்திருந்த தொல்விலங்குகளின் எலும்புகளை ரங்காராவ் சேகரித்தார். அவற்றில் சில பற்களும் தாடை எலும்புத் துண்டுகளும் அதுவரை யாரும் அறியாத பிராணியுடையவை என்று கண்டு, 1971-இல் அதற்கு ‘இண்டோஹையஸ்’ என்று பெயரிட்டார். ‘இந்தியப் பன்றி’ என்பது பொருள். இப்பகுதி விலங்குகளைப் பற்றிய அவரது மற்றொரு கட்டுரையை, டேராடூனில் இருந்த எண்ணெய் – இயற்கை எரிவாயு ஆணையத்தின் புவியியல் பிரிவு 1972-இல் வெளியிட்டது.

கல்லை உடைத்து உள்ளிருக்கும் எலும்பை எடுப்பது பொறுமையான வேலை. அவசரப்பட்டால் எலும்பு நொறுங்கிவிடும். ரங்காராவ் காலமானபோது, அவர் சேகரித்த கற்களில் பல உடைக்கப்படாமலே இருந்தன.

வேறு யாராக இருந்தாலும் அவை கொல்லைப்புறத்துக்குப் போயிருக்கும். ஆனால் அவருடைய மனைவி டாக்டர் ஃப்ரீட்லிண்டே ஓபர்க்ஃபெல் ஜெர்மானியப் பெண்மணி. அவரும் அதே துறை படித்தவர். கணவரோடு சேர்ந்து 1973-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர். கற்களின் மதிப்பு அவருக்குத் தெரியும். அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பணிபுரிந்த திமிங்கில ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனிடம் கொடுத்தார்.

கை தவறியது, உண்மை வெளிவந்தது

தெவிசனின் ஆய்வுக்கூடத்தில் கற்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, ஊழியர் கை தவறி ஒரு மண்டையோடு உடைந்தது. உள்ளே காதெலும்பு தெரிந்தது. பார்த்த தெவிசன் திகைத்தார். அந்த எலும்பின் உட்பக்கச் சுவர் மட்டும் தனியாகத் தடித்திருந்தது. திமிங்கில இனத்துக்கே உரியதாகக் கருதப்பட்ட அடையாளம் அது!

ரூர்க்கியின் சுனில் பாஜ்பாய், டேராடூன் வாடியா நிலையத்தின் பி.என். திவாரி ஆகிய இந்திய அறிஞர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு, 2007 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இண்டோஹையஸ், பூனை அளவே உள்ள, குளம்புக் கால் பிராணி. திமிங்கிலத்துக்கு அது நேர்ப்பாட்டன் அல்ல, நெருங்கிய பங்காளி.

அதன் கால் எலும்புகள் கனமானவை. நீருக்கடியில் மிதக்காமல் நடக்க அவை உதவியிருக்கும். பல்லில் இருந்த ஆக்சிஜனைச் சோதித்தபோதும், நீரில் வெகுநேரம் கழித்த பிராணி என்றே தெரிந்தது. ஆனால் அதன் உணவு மீன் அல்ல, செடிகொடிகள் என்பது ஆய்வாளர் முடிவு.

இங்கேதான் பழைய எண்ணம் ஆட்டம் கண்டது. மாமிசம் தின்னும் பிராணி ஒன்று மீனுக்கு ஆசைப்பட்டுக் கடலில் இறங்கியது என்று முன்பு பலர் எண்ணினர். ஆபத்துக்குப் பயந்து முதலில் தண்ணீரில் ஒளிந்தது, மீன் தின்னப் பழகியது பிற்பாடு என்கிறது இந்த ஆய்வு. ஆப்பிரிக்காவில் ஒருவகைச் சருகுமான், எதிரியைக் கண்டால் இன்றும் ஆற்றில் குதித்து மறைந்துகொள்கிறது. உயிர் பிழைக்க இடம் மாறியவைதான் பிறகு அந்த இடத்துக்கே உரியவை ஆகியிருக்கின்றன!

பன்றி என்று பெயர் வைத்த ரங்காராவ், அது திமிங்கிலத்தின் உறவு என்பதை அறியாமலே போய்விட்டார். ஆனால் பெயர் மாறவில்லை. அந்தப் பிராணியின் பெயரை விஞ்ஞானிகள் முறைப்படி எழுதும்போது, பக்கத்தில் பெயர் வைத்தவரையும் ஆண்டையும் குறிப்பது மரபு. ‘ரங்காராவ், 1971’ என்பது இன்றும் அங்கே இருக்கிறது.