கிணறு கற்பித்த கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி, கார்த்திகையிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி நிலத்தடியில் தங்குகிறதே, அதுவே நமது செல்வம். அதனை நாம் பெறும் வாயில் கிணறு.

என் இளமையில் எங்கள் வளவுக் கிணற்றிலே துலா இருந்தது. ஒவ்வொரு வாளி நீரும் உடல் வருந்திப் பெற்றதாகையால் எதுவும் வீண்போகவில்லை. குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்குச் சென்றது. அரிசி கழுவிய நீர் மாட்டுக்குச் சென்றது. நான் கிணற்றடியில் அளவின்றி வார்த்துக்கொண்டு நின்றால், அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வரும்:

"போதும் தம்பி! கிணத்தைக் கோவப்படுத்தினால் அது உப்பைத்தான் தரும்."

அதனை அறியாமை என்றே நான் எண்ணியிருந்தேன்.

ஆசிரிய உத்தியோகம் கிடைத்ததும் துலாவைக் கழற்றிவிட்டு நீரிறைக்கும் இயந்திரம் பூட்டினேன். தொட்டி நிரம்பியது, நிரம்பி வழிந்தும் ஓடியது. கத்தரிப் பாத்திகளுக்கு உச்சிவெயிலிலும் நீர் பாய்ந்தது. சில ஆண்டுகள் சென்றன. ஓர் ஆடி மாதக் காலையில் தேநீரை வாயில் வைத்த அம்மா, ஒன்றும் பேசாமற் கோப்பையைக் கீழே வைத்தார். நீர் உவர்த்திருந்தது.

நூல்களைப் புரட்டியபோதுதான் அம்மாவின் சொல்லுக்குரிய கணக்கைக் கண்டேன். கடலோர நிலங்களில் நன்னீர், தன்னினும் கனமான உவர்நீரின்மேல் மிதக்கின்றது. ஒல்லாந்தரான கைபெனும், பின்னர் 1901இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் இதனை ஆராய்ந்து எழுதினர். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். மேலே ஓரடி தாழ்ந்தாலோ, காலப்போக்கில் அந்த 40 அடியும் உவர்நீருக்குப் பறிபோகும். விரைந்து இறைக்குமிடத்து, உவர்நீர் கூம்புபோற் கிணற்றை நோக்கி எழும். நான் வழியவிட்ட நீர் எத்தனை மடங்கு நட்டமாயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்!

அன்றுதொட்டு இயந்திரத்தைச் சிறிது நேரமே இயக்கிக் கிணற்றை ஆறவிடுகிறேன். பாத்திகளுக்குக் காலையிலும் மாலையிலும் மட்டுமே நீர். தென்னையடியிற் பொச்சுமட்டை தாழ்த்து, பாத்திகளைச் சருகால் மூடியதால் ஈரம் நிற்கின்றது. கூரை நீரைப் பீலி மூலம் குழியொன்றுக்கு விட்டேன். 1,000 சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் 2,300 லீற்றருக்கு மேற்பட்ட நீர் நிலத்துக்குத் திரும்பும். வீடுதோறும் இவ்வாறு செய்தால் ஊரின் கிணறுகள் யாவும் பயன்பெறுமன்றோ?

மூன்று மாரிகளின் பின் உவர் குறைந்தது. அந்தத் தேநீரைச் சுவைக்க அம்மா இருக்கவில்லை.