குளிர்காலத்தில் ஐஸ்லாந்து செல்வோர்க்கு

ஐரோப்பாவின் வடமேற்கே, அட்லாந்திக் மாகடலின் நடுவே, வடதுருவ வட்டத்தைத் தொட்டும் தொடாமலும் கிடக்கிறது ஐஸ்லாந்து என்னும் தீவு நாடு. அதன் பரப்பளவு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர்; மக்கள்தொகையோ நான்கு லட்சத்தை இன்னும் எட்டவில்லை. அம்மக்களுள் பெரும்பாலோர் ரெய்க்யவிக் என்னும் தலைநகரிலும் அதன் சுற்றுப்புறத்திலுமே வாழ்கின்றனர். எஞ்சிய நிலத்தில் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையும், பனிமலையும், ஆறுகள் அரித்துக் கொணர்ந்த கருமணல் வெளியுமே மிகுதி. இரயில் வண்டி அந்நாட்டில் கிடையாது. ஆகவே அங்குச் செல்வோருள் பலர் வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு தாமே ஓட்டிச் செல்கின்றனர்.

ஐரோப்பிய நாடுகளில் பணிபுரியும் நம் இளங்குடும்பங்களுள் சில கிறிஸ்மஸ் விடுமுறையில் இத்தீவுக்குச் செல்ல விரும்புவதை அறிவோம். வானில் பச்சை நிறத் திரைபோல் அசையும் வடதுருவ ஒளியையும், நீலப் பனிக் குகையையும் படங்களில் கண்ட பிள்ளைகள், ‘அப்பா, அங்கே போவோம்’ என்று கேட்பது இயல்பே. படத்தில் காணும் அழகு மெய்தான். ஆயினும், அப்படத்தை எடுத்தவர் காற்று அடங்கட்டும் என்று எத்தனை நாள் அறைக்குள் அடைந்து கிடந்தார் என்பதைப் படம் சொல்வதில்லை. ஆகவே இப்பயணத்தைத் திட்டமிடுவோர் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நம்மவர் முதலில் அஞ்சுவது குளிருக்கு. உண்மையில் குளிர் அங்கே பெரும் பகையன்று. வெப்பநாட்டுக் கடல்களிலிருந்து வரும் நீரோட்டம் தீவின் தென்கரையை அணைத்துச் செல்வதால், ரெய்க்யவிக் நகரில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை ஏறக்குறையச் சுழி டிகிரியே. கனடா நாட்டின் உட்பகுதியில் வாழ்வோர் இதைக் குளிர் என்றே சொல்லமாட்டார்கள். ஆனால் இந்தச் சுழி டிகிரிதான் சாலைக்கு ஆபத்தானது. பகலில் பெய்த மழை மாலையில் உறைகிறது. உறைந்ததன் மேல் மறுபடி மழை பெய்கிறது. அப்போது தார்ச்சாலையின் மேல் கண்ணுக்குப் புலப்படாத பனிக்கட்டிப் படலம் ஒன்று படிந்துவிடும். ஓட்டுபவர் ஈரம் என்று எண்ணுவார். சக்கரமோ கண்ணாடிமேல் நிற்பதுபோல் நிற்கும்.

அதனினும் பெரும் பகை காற்று. அந்நாட்டு வானிலை அலுவலகம் காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று அறிவிக்கிறது. ‘இருபது’ என்னும் எண்ணைப் பார்த்து, ‘இருபதுதானே’ என்று அலட்சியமாகப் புறப்பட்டுவிடுதல் கூடாது. அவ்வெண்ணை 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 72 கிலோமீட்டர் வரும். மலையடிவாரங்களில் திடீரென வீசும் சூறைக்காற்று இதனினும் மிகும். பனித்துகளை வாரி வீசும் அக்காற்றில், சாலையோரம் நடப்பட்டிருக்கும் மஞ்சள் கம்பங்களுள் அடுத்தது எங்கே என்பதுகூடத் தெரியாமற் போகும். கார்க் கதவை அசட்டையாகத் திறந்தால் கீல் முறியும். காற்று பறித்த கதவுக்கு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் பணம் தருவதில்லை. வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தி, கதவை இறுகப் பிடித்துக்கொண்டே இறங்குவது நல்லது. பிள்ளைகள் பக்கத்துக் கதவை அவர்களே திறக்க விடலாகாது.

இனி வெளிச்சத்தைப் பற்றி. டிசம்பர் 21ஆம் நாளையொட்டி ரெய்க்யவிக் நகரில் கதிரவன் காலை 11.20 மணியளவில் எழுந்து பிற்பகல் 3.30 மணிக்கு மறைகிறான். அஃதாவது நான்கு மணி நேரமே பகல். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அரையிருள் வெளிச்சம் உண்டு. பெப்ரவரி இறுதியிலோ பகல் பத்து மணி நேரமாகிவிடுகிறது; அப்போதும் இரவு வடதுருவ ஒளியைக் காணப் போதிய இருள் கொண்டதே. ஆகவே விடுமுறையைத் தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளக் கூடியவர்கள் டிசம்பரை விட்டு, பெப்ரவரி இறுதியையோ மார்ச்சையோ தேர்ந்துகொள்வார்களாக. பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டவர்கள் டிசம்பரிலேயே செல்ல நேரிடின், திட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பலர் செய்யும் திட்டம், தீவை முழுதும் சுற்றி வரும் ‘ஒன்றாம் எண் சாலை’யில் ஒரே வாரத்தில் வலம் வந்துவிடுவது. கோடைகாலத்தில் இது கூடும். குளிர்காலத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அச்சாலையின் நீளம் ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். பனியில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் சராசரி எதிர்பார்க்கலாகாது. ஆக 22 மணி நேர ஓட்டம். நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே பகல் என்றால், எந்த அருவியருகிலும் இறங்காமல், ஒரு வாய் உணவும் உண்ணாமல் ஓட்டினாலும் ஐந்தரை நாள். இதில் ஒரு புயல் வந்து சாலையை இரண்டு நாள் மூடிவிட்டால், திரும்பும் விமானம் இவர்களுக்காகக் காத்திராது. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள மலைக் கணவாய்கள் குளிர்காலத்தில் அடிக்கடி மூடப்படுபவை. தீவின் நடுமேட்டு நிலச் சாலைகளோ கோடைக்காலம் வரும்வரை திறப்பதே இல்லை. சிறு பிள்ளைகளோடு செல்வோர் முழுச் சுற்றை மறந்துவிட்டுத் தென்கரையோடு நின்றுகொள்வதே அறிவுடைமை என்பது நம் கருத்து.

அந்தத் தென்கரைச் சாலைக்கே ஒரு வரலாறு உண்டு. வாட்னயோக்குல் என்னும் மாபெரும் பனிமலை நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கை மூடியிருக்கிறது. அதன் அடியில் எரிமலைகள் உள்ளன. நெருப்பு கீழே எழுந்து பனியை உருக்கும்போது, தேங்கிய நீரெல்லாம் ஒருநாள் உடைத்துக்கொண்டு கடல்நோக்கிப் பாயும். அவ்வெள்ளம் பரப்பிய கருமணல் வெளிக்கு ஸ்கெய்தராரசாந்துர் என்று பெயர். அதன்மீது பாலங்கள் அமைத்து முடித்த 1974ஆம் ஆண்டில்தான் தீவைச் சுற்றும் சாலை நிறைவு பெற்றது. அதுவரை தென்கிழக்கு மூலையில் வாழ்ந்தோர் சாலை வழியே தலைநகருக்குச் செல்ல வேண்டுமாயின், வடக்கே தீவைச் சுற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது! 1996ஆம் ஆண்டு எரிமலை மீண்டும் பனிக்கடியில் வெடித்து, நவம்பர் 5ஆம் நாள் பெருவெள்ளம் வந்தது. வீடளவு பனிப்பாறைகள் மிதந்து வந்து மோத, பாலங்கள் சில சிதைந்தன. முறுக்கிக்கொண்ட இரும்புத் தூலங்களைச் சாலையோரத்தில் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். பயணிகள் இவ்விடத்தில் வண்டியை நிறுத்தி ஒருகணம் பார்த்துச் செல்ல வேண்டும். இவ்வெளியில் சாலை மூடப்பட்டால் மாற்றுவழி, இன்றும், தீவின் மறுபக்கமே.

இச்சாலையில் ஒற்றைவழிப் பாலங்கள் பல இன்னும் உள்ளன. முதலில் வந்து சேரும் வண்டிக்கே முதல் உரிமை. எனினும் எதிரே வருபவர் நிற்பாரா என்று பார்த்த பின்பே ஏறுக. 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் விடுமுறைக்கு வந்த பயணிகளின் வண்டியொன்று இம்மணல் வெளியின் மேற்கே இத்தகைய பாலம் ஒன்றிலிருந்து கீழே விழுந்து மூவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் கைக்குழந்தை. பின்னர் அங்கே இருவழிப் பாலம் கட்டப்பட்டது.

வண்டியைப் பொறுத்தவரை, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகையைச் சேர்ந்ததாயும், குளிர்கால டயர் பூட்டியதாயும் இருத்தல் வேண்டும். ஆணி பதித்த டயர்களை நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதிவரை சட்டம் அனுமதிக்கிறது; அதையே கேட்டுப் பெறுக. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்லும். தார்ச்சாலையில் 90, சரளைச் சாலையில் 80, ஊருக்குள் 50 கிலோமீட்டர் என்பது பொது வேக வரம்பு. பட்டப்பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். பெட்ரோல் நிலையங்கள் பலவற்றில் ஆள் இருப்பதில்லை. இரகசிய எண்ணுள்ள வங்கி அட்டை இருந்தால்தான் எண்ணெய் கிடைக்கும். தொட்டி பாதிக்குக் கீழே இறங்க விடாமல் நிரப்பிக்கொள்ளுதல் நலம்.

நாள்தோறும் காலையில் செய்ய வேண்டிய கடமைகள் மூன்று. வானிலை அலுவலகத்தின் அறிவிப்பைப் பார்த்தல், சாலைத் துறையின் வரைபடத்தைப் பார்த்தல், செல்லும் வழியை யாரேனும் ஒருவரிடம் தெரிவித்தல். 2017 முதல் வானிலை எச்சரிக்கைகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் வண்ணங்களில் வெளியிடப்படுகின்றன. மஞ்சளிலேயே நின்று யோசிக்க வேண்டும். சாலையின் குறுக்கே ‘லோக்காத்’ என்று எழுதிய தடை இருந்தால், மூடப்பட்டது என்று பொருள். முன்னே ஒரு வண்டி அதைச் சுற்றிக்கொண்டு போனதே என்று நாமும் போகலாகாது.

இங்கேதான் நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. தடையைக் கடந்து சென்று பனியில் சிக்கியவர் 112 என்னும் எண்ணை அழைக்கிறார். அவரை மீட்க வருபவர் யார்? அந்நாட்டுக்கு இராணுவம் கிடையாது. வருபவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களின் தச்சரும் ஆசிரியரும் மீனவரும் விவசாயிகளுமே. லாண்ட்ஸ்பியோர்க் என்னும் தன்னார்வ மீட்புச் சங்கத்தைச் சேர்ந்த இவர்கள் ஊதியம் பெறுவதில்லை. கடலில் மாண்ட மீனவர்களை எண்ணி 1918ஆம் ஆண்டு வெஸ்ட்மன் தீவுகளில் தோன்றிய முதற் குழுவே இப்பணியின் வேர். ஆண்டு முடிவில் வாணவெடி விற்றுக் கிடைக்கும் பணமே இவர்களது வருவாயில் பெரும்பகுதி. நம் பிள்ளைகள் ‘முன்பதிவுப் பணம் வீணாகிறதே’ என்று புயலில் புறப்பட்டால், யாரோ ஒரு வீட்டுத் தந்தை உணவு மேசையை விட்டெழுந்து அதே புயலில் இறங்க வேண்டியிருக்கும். ஆகவே, சற்றுக் கூடுதல் விலையானாலும், கடைசி நேரத்தில் மாற்றிக்கொள்ளக்கூடிய விடுதி அறைகளையே பதிவு செய்ய வேண்டும். மனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமைக்குக் கொடுக்கும் விலை என்று இதைக் கருதலாம்.

எட்டு நாள் இருந்தால் எவ்வாறு பகுப்பது? வந்திறங்கும் நாளில் வண்டியோட்ட வேண்டாம். கெப்லவிக் விமான நிலையத்திலிருந்து தலைநகர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், பேருந்தில் செல்லலாம். மறுநாள் திங்வெட்லிர் சமவெளி, கெய்சிர் வெந்நீர் ஊற்றுகள், குட்ல்பாஸ் அருவி ஆகிய மூன்றையும் காணலாம். மூன்றாம் நாள் 187 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீக் என்னும் சிற்றூர். அங்கிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டரில் பனிப்பாறைகள் மிதக்கும் யோக்குல்சார்லோன் ஏரி. அப்பகுதியில் இரண்டு இரவு தங்கி, வந்த வழியே திரும்பலாம். விமானத்துக்கு முந்திய நாளை எதற்கும் ஒதுக்காமல் தலைநகரிலேயே கழிக்க வேண்டும். புயல் வந்தால் அந்நாள் கைகொடுக்கும். வராவிட்டால் வெந்நீர்க் குளத்தில் குளிக்கலாம். பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரால் பெரும்பாலான வீடுகளே சூடேற்றப்படும் நாடு அது. குளத்தில் இறங்குமுன் உடையின்றிச் சோப்பிட்டுக் குளித்தாக வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. ஆண், பெண் அறைகள் தனித்தனியே என்பதால் நம்மவர் கூச்சத்தைச் சற்று அடக்கிக்கொள்ளலாம்.

வீக் ஊருக்கருகே ரெய்னிஸ்ஃபியாரா என்னும் கருமணற் கடற்கரை இருக்கிறது. அமைதியாய்த் தோன்றும் கடலிலிருந்து திடீரென ஓர் அலை நெடுந்தூரம் ஏறி வந்து ஆளை இழுத்துச் சென்றுவிடும், பலர் மாண்டிருக்கின்றனர். 2022 முதல் எச்சரிக்கை விளக்கு வைத்துள்ளனர். கடலுக்கு முதுகு காட்டிப் படமெடுத்துக்கொள்ளலாகாது. பனிக் குகைக்குள் வழிகாட்டியின்றி நுழையவே கூடாது. 2024 ஆகஸ்டில், வழிகாட்டியோடு சென்ற குழுவின்மேலேயே பனி இடிந்து விழுந்து ஒருவர் இறந்தார். அது கோடைகாலம், குளிர்காலத்தில் பனி உறுதியாய் இருக்கும் என்பர், எனினும் இறுதி முடிவு வழிகாட்டியுடையது. விமான நிலையத்துக்கு அண்மையில் கிரிந்தவிக் ஊரையொட்டி 2023 டிசம்பர் முதல் எரிமலைப் பிளவு பலமுறை வெடித்துள்ளதால், புறப்படுமுன் அப்பகுதிச் செய்தியையும் விசாரித்துக்கொள்க.

நம் வாசகர்கள் திங்வெட்லிரைக் கடந்து செல்லும்போது ஒன்றை அறிந்திருக்கலாம். கி.பி. 930 முதல் நாட்டு மன்றம் கூடிய இடம் அது. கி.பி. 1000ஐ ஒட்டிக் கிறிஸ்தவ மறையை ஏற்பதா என்று மக்கள் இரு பிரிவாய் நின்றபோது, சட்டம் உரைப்பவராயிருந்த தோர்கெய்ர் ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் கிடந்து சிந்தித்து, ‘ஏற்போம்’ என்று தீர்ப்புச் சொன்னதாகப் பழைய வரலாறு கூறுகிறது. அங்கிருந்து சிறு தொலைவில் ஸ்கால்ஹோல்ட் என்னும் பழைய ஆயர் பீடம் உள்ளது. சமயச் சீர்திருத்தக் காலத்தில் நாட்டின் கடைசிக் கத்தோலிக்க ஆயராயிருந்த யோன் அராசோன் 1550 நவம்பர் 7ஆம் நாள் தலை வெட்டப்பட்டது இங்கேயே. இப்பீடத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆயராயிருந்த புனித தோர்லாக்கை, 1984ஆம் ஆண்டு பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் ஐஸ்லாந்தின் பாதுகாவலராக அறிவித்தார்.

அப்புனிதரின் திருநாள் டிசம்பர் 23. அன்று இரவு வெகுநேரம்வரை கடைகள் திறந்திருக்கும். தெருவெல்லாம் மக்கள் கூட்டம். மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கிறிஸ்மஸ் பிறந்ததாகக் கொண்டு, கடை, உணவகம், பேருந்து யாவும் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். 25ஆம் நாளும் அவ்வாறே. எனவே கிறிஸ்மசை அங்கே கழிப்போர் ரொட்டி, பால், அரிசி, பிள்ளைகளுக்கு வேண்டியவை, வண்டிக்கு எண்ணெய் எல்லாவற்றையும் 23ஆம் நாளே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சமையலறை உள்ள விடுதியாகவும் பார்த்துக்கொள்ள வேண்டும்.