பட்டன் போனில் நம் எழுத்து

கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளது வித்துரா. அதன் பக்கத்தில் மலைமேல் போணக்காடு இருக்கிறது. அது தேயிலைத் தோட்ட ஊர். தேயிலை வேலைக்காகத் தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறிய இடம்.

அங்கே ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதியோர் வகுப்பில் தமிழ் எழுத்துக் கற்றவர். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அவருக்குப் புதுப் போன் வாங்கி வருகிறார். மேலே சின்னத் திரை. கீழே வரிசை வரிசையாகப் பட்டன்கள். பட்டன்களின் மேல் ஆங்கில எழுத்துகள். அம்மா திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இதில நம்ம எழுத்து எங்கப்பா?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. பதிலைப் பார்ப்போம்.

இரண்டு வகைப் போன்

ஒன்று தொடுதிரைப் போன். இதில் எழுத்துகள் கண்ணாடியிலேயே தோன்றும். விரலால் தொட வேண்டும். கை ஈரமாக இருந்தால் சரியாக வேலை செய்யாது.

மற்றொன்று பட்டன் போன். அழுத்துவது விரலுக்குத் தெரியும். எண் பட்டன் உள்ள போன்களில், பெரும்பாலும் 5-இன் மேல் சிறு மேடு இருக்கும். அதைத் தடவிப் பார்த்தே மற்ற எண்களைக் கண்டுபிடிக்கலாம்.

பட்டன் போனிலும் இணைய வசதி உண்டு. 2018-இல் ஜியோபோன் 2 வந்தது. விலை 2,999 ரூபாய். அதில் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் தனிப் பட்டன் இருந்தது.

247 எழுத்துக்கு எத்தனை பட்டன்?

தமிழில் 247 எழுத்துகள். அத்தனைக்கும் பட்டன் வைத்தால் போன் முறம் அளவு ஆகிவிடும்! ஆனால் அது தேவையில்லை.

வகுப்பில் படித்ததை நினைத்துப் பாருங்கள். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய். க் + உ = கு. பட்டனிலும் இதே கணக்குத்தான்.

1999-இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. கணினியில் தமிழ் எழுத ஒரு பட்டன் வரிசையைத் தமிழக அரசு ஏற்றது. அதன் பெயர் தமிழ்99. அதில் உயிர் எழுத்துகள் இடப்பக்கம் இருக்கும். க, ச, ட போன்றவை பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். 'க' அழுத்தி, 'உ' அழுத்தினால் 'கு' வரும். அ, ம, ம, ஆ என்று நான்கு முறை அழுத்தினால் 'அம்மா' வந்துவிடும். நடுவில் உள்ள புள்ளி தானாக விழும்.

இந்த முறை இன்று பல தொடுதிரைப் போன்களிலும் உண்டு. ஆனால் பட்டன் போன்களில் எழுதும் முறை போனுக்குப் போன் மாறும். சிலவற்றில் தமிழே இருக்காது. ஆகவே வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். தமிழில் படிக்க முடியுமா? தமிழில் எழுத முடியுமா? இரண்டும் வேறு வேறு.

யாரிடம் போனைக் கொடுப்பது?

வாசிக்கத் தெரியாதவர் போனைப் பிறர் கையில் கொடுக்கிறார். வங்கியிலிருந்து வரும் ரகசிய எண்ணையும் அவர்கள் பார்த்துவிடலாம். அந்த எண் கிடைத்தால் பணத்தை எடுத்துவிடலாம். அதை யாரிடமும் சொல்லாதீர்கள். வங்கி அதைக் கேட்காது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

'இந்த வயதில் நம்மால் முடியுமா?' என்று தயங்க வேண்டாம். அதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை ஊராட்சி இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே போனைப் பயன்படுத்தக் கற்றார்கள். கேரளத்தில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற முதல் ஊராட்சி என்று 2022-இல் அது அறிவிக்கப்பட்டது.

போணக்காட்டு அம்மாவும் பழகிக்கொண்டார். ஊருக்குத் திரும்பிய மகனுக்கு ஒரு செய்தி போனது. 'சாப்பிட்டியா?' என்று ஒரே சொல். அதைத் தேடித் தேடி அழுத்த அவருக்கு வெகுநேரம் ஆனது. ஆனால் யாரிடமும் போனைக் கொடுக்கவில்லை.

செய்து பாருங்கள்

1. உங்கள் பெயரைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வோர் எழுத்தையும் மெய், உயிர் என்று பிரியுங்கள்.
2. அதையே போனில் அழுத்திப் பாருங்கள்.
3. வீட்டில் ஒருவருக்கு ஒரு சொல் அனுப்புங்கள்.