50,000-க்கும் மேற்பட்ட மெட்டுகள்... போனுக்குள் ஒரு புதையல்! பழைய `கேம் மியூசிக்'கைத் தேடிப் பிடிக்கும் ரசிகர்கள்

டி.வி-யில் வயரைச் சொருகி வீடியோ கேம் ஆடிய தலைமுறைக்கு, `சூப்பர் மரியோ' என்றதும் மீசைக்காரருக்கு முன்னால் அந்த மெட்டுதான் காதுக்குள் ஓடும். கோஜி கோண்டோ இசையமைத்த அந்த மெட்டை, 2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. வருங்காலத்துக்காகக் காக்கப்பட வேண்டியவை என்று தேர்ந்தெடுக்கப்படும் அந்தப் பட்டியலில், வீடியோ கேம் இசை இடம்பிடித்தது அதுவே முதல் முறை.

மரியோவுக்குப் பின்னால் நிண்டெண்டோ என்ற பெரிய நிறுவனம் இருக்கிறது. ஆனால், வெளியிட்ட கம்பெனியே மூடப்பட்டுவிட்ட கேம்களின் இசையை யார் பாதுகாப்பது? கேசட் காந்தமிழந்து, கம்ப்யூட்டர் பழுதாகி, இசையமைத்தவர் யாரென்றே மறந்துபோனால்?

அந்த வேலையை, சம்பளம் இல்லாமல் 1996-லிருந்து செய்துவருகிறது ஒரு ரசிகர் கூட்டம். அவர்கள் உருவாக்கிய தொகுப்பின் பெயர், `ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன்'.

மூன்றே குரல்... முழுக் கச்சேரி!

1982-ல் விற்பனைக்கு வந்த வீட்டுக் கம்ப்யூட்டர், கமடோர் 64. உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அதன் மெமரி வெறும் 64 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு `குட்மார்னிங்' படம்கூட அதைவிடப் பெரியதாக இருக்கும். அதற்குள் இருந்த ஒலிச் சிப்தான் `சிட்'. பாப் யானெஸ் என்ற இளம் இன்ஜினீயர் வடிவமைத்தது. பின்னாளில் அவர் சின்தசைசர் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவரானார் என்பதிலிருந்தே, இசைமீது அவருக்கு இருந்த ஈடுபாடு புரியும்.

இந்தச் சிப்பில் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்கள் மூன்றே மூன்று. டிரம்ஸ், பேஸ், மெயின் மெட்டு என எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும். மூன்று சுரங்களைச் சேர்த்து வாசிக்க இடம் இல்லையா? ஒரே குரலில் அந்த மூன்றையும் கண்மூடித் திறப்பதற்குள் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். காது அதை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டது. பழைய கேம் இசையில் கேட்கும் அந்த `டிர்ர்ர்' அதிர்வுக்குக் காரணம் இந்தத் தந்திரம்தான்.

பிரிட்டனின் ராப் ஹப்பார்ட், மார்ட்டின் கால்வே, பென் டாக்லிஷ் போன்றவர்கள் இதில் வித்தகர்கள். அந்தக் காலத்தில் கேசட்டிலிருந்து கேம் லோடாகவே பல நிமிடங்கள் பிடிக்கும். அந்த நேரத்தில் போரடிக்காமல் இருக்க ஒலித்த கால்வேயின் `ஓஷன் லோடர்' மெட்டு, பல கேம்களைவிடப் பிரபலமானது.

சாம்பாரா, செய்முறையா?

எம்.பி.3 பாட்டு என்பது ஒலிப்பதிவு. ஆனால், `சிட்' ஃபைல் அப்படியல்ல. எந்தச் சுரத்தை, எந்த நொடியில், எப்படி எழுப்ப வேண்டும் என்று சிப்புக்குக் கட்டளையிடும் புரோகிராம் அது. பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் சாம்பாரைக் கொடுக்காமல், செய்முறையை எழுதிக் கொடுப்பதுபோல! அதனால்தான் பெரும்பாலான மெட்டுகளுக்குச் சில கிலோபைட்டுகளே போதும். தொகுப்பில் இருக்கும் மெட்டுகள் 50,000-ஐத் தாண்டிவிட்டன. ஆனாலும் எல்லாவற்றையும் சேர்த்து ஜிப் செய்தால், ஒரு சினிமாவை டவுன்லோடு செய்வதைவிடக் குறைந்த இடமே தேவை.

இந்த மெட்டுகளை கேமிலிருந்து பிரித்தெடுப்பதுதான் கடினமான வேலை. படம், எதிரிகள், ஸ்கோர் எல்லாவற்றோடும் பின்னிப்பிணைந்த புரோகிராமுக்குள் இசைப் பகுதி எங்கே தொடங்குகிறது, நொடிக்கு 50 முறை அதை இயக்கும் கட்டளை எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு, மற்றதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, மெட்டு மட்டும் தனியாக ஓடுமாறு செய்ய வேண்டும். ஒரு பைட் தவறினாலும் டிரம்ஸ் காணாமல்போகலாம். அல்லது மொத்தமும் மௌனமாகிவிடலாம்.

இன்னொரு சிக்கல், இவற்றில் பல மெட்டுகளுக்கு முடிவே கிடையாது. ஆட்டம் முடியும்வரை சுற்றிச் சுற்றி வரும்படி எழுதப்பட்டவை. எனவே, ஒவ்வொரு மெட்டும் எத்தனை நிமிடம், எத்தனை நொடியில் ஒரு சுற்றை முடிக்கிறது என்பதற்கே தனிப் பட்டியல் தயாரித்திருக்கிறார்கள்.

போட்டவர் யார்?

மெட்டைச் சேகரிப்பதைவிட, அதைப் போட்டவரின் பெயரைச் சேகரிக்கத்தான் இவர்கள் அதிகம் மெனக்கெடுகிறார்கள். அன்றைய கேம்கள் பலவற்றில் இசையமைப்பாளரின் பெயரே இருக்காது. தொகுப்பில் அப்படிப்பட்ட மெட்டுகளுக்கு நேராக, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் நிற்கும். விடை கிடைத்ததும் கேள்விக்குறி அகற்றப்பட்டு, பெயர் ஏறும்.

இதில் துப்பறிவதும் எளிதல்ல. ஒவ்வோர் இசையமைப்பாளரும் தனக்கென எழுதிக்கொண்ட புரோகிராமைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால், ஹப்பார்ட் எழுதிய புரோகிராமை அன்று பலரும் எடுத்துத் தங்கள் மெட்டுகளுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். புரோகிராம் அவருடையது என்பதால், மெட்டும் அவருடையது என்று சொல்லிவிட முடியாது. கேமின் கிரெடிட்ஸ், பழைய பத்திரிகைகள், இசையமைப்பாளர்களின் சொந்த வார்த்தைகள் என எல்லாவற்றையும் ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எந்த மெட்டு சொந்தச் சரக்கு, எது வேறொரு பாடலின் மறுவடிவம் என்பதையும் தனிக் குறிப்பேடாகத் தொகுத்திருக்கிறார்கள். சில மெட்டுகள் பிறந்த கதையை இசையமைப்பாளர்களே அதில் சொல்லியிருக்கிறார்கள். பென் டாக்லிஷ் 2018-ல் மறைந்துவிட்டார். அவரைப் போன்றவர்களின் நினைவுகளை உரிய நேரத்தில் கேட்டு எழுதிவைத்ததன் அருமை இப்போதுதான் தெரிகிறது.

மதிப்பு வந்தது தாமதமாகத்தான்

ஒரு காலத்தில் `பொம்மைச் சத்தம்' என்று ஒதுக்கப்பட்ட இசை இது. 2016-ல் ஸ்காட்லாந்தின் அபர்ட்டே பல்கலைக்கழகம் ராப் ஹப்பார்டுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

அதே நேரம், ஆபத்தும் தீரவில்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவிகிதம் இன்று கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை என்று, 2023-ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு சொன்னது. கேமே கிடைக்காதபோது, அதன் இசை மட்டும் எங்கிருந்து கிடைக்கும்?

ரசிகர்களின் தொகுப்பு இலவசம்தான். ஆனால், மெட்டுகளின் காப்புரிமை உரியவர்களிடமே இருக்கிறது. கேட்டு ரசிக்கலாம்; எடுத்து விற்க முடியாது.

நீங்களும் தொகுக்கலாம்!

பழைய கேம் பாடல்களோ, பிடித்த பின்னணி இசையோ... நீங்களும் ஒரு தொகுப்பு உருவாக்க நினைத்தால், இவர்களிடம் கற்றுக்கொள்ள நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

* ஃபைலுக்கு `டியூன் 1, டியூன் 2' என்று பெயர் வைக்காதீர்கள். கேமின் பெயர், இசையமைப்பாளர், ஆண்டு மூன்றையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

* தெரியாததை ஊகித்து நிரப்பாதீர்கள். ஒரு தவறான பெயரைவிட, நேர்மையான கேள்விக்குறி மேல்.

* அசல் எது, ரீமிக்ஸ் எது என்பதைத் தனியே குறியுங்கள்.

* ஒரே போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். குறைந்தது இரண்டு இடங்களில் பிரதி இருக்கட்டும்.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் `சிட்' தொகுப்புக்கு வேலை முடியவில்லை. அப்டேட் வரும்போதெல்லாம் புது மெட்டுகள் சேர்கின்றன. பழைய பிழைகள் திருத்தப்படுகின்றன. கூடவே, சில கேள்விக்குறிகளின் இடத்தில் மனிதர்களின் பெயர்கள் வந்து அமர்கின்றன!