10 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர்: தங்கவயலில் தமிழ்வழிக் கல்வி நிலைக்குமா?

புது தில்லி: கோலார் தங்கவயலில், மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டது. வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து சென்று சுரங்கத்தில் உழைத்த தமிழர்களின் வாரிசுகளில் பலர், இன்று வேலைக்காகப் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். அவர்களது பிள்ளைகள் தாய்மொழியில் கற்கும் வாய்ப்பு, தகுந்த ஆசிரியர் இருப்பதைப் பொறுத்தே அமையும்.

ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் இருந்தால், அவர்களது தாய்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும் என்று 1949-ல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவு செய்தது. தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது, 1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு.

கர்நாடக அரசு தொடர்பான வழக்கில் 2014 மே 6-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் பயிற்று மொழியை அரசு திணிக்க முடியாது என்று கூறியது. ஆனால் தமிழ் தெரிந்த ஆசிரியர் இல்லாத பள்ளியில் பெற்றோரின் இந்த உரிமைக்குப் பொருளில்லை.

வீட்டில் பேசும் மொழியில் விளக்கம் கிடைக்காத முதல் வகுப்புக் குழந்தை, பாடத்தைப் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்யவே பழகும். ஓய்வு பெறும் ஆசிரியரின் இடம் நிரப்பப்படாவிட்டால் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவர். பிறகு, மாணவர் குறைவு என்பதே அந்த இடத்தை ரத்து செய்யக் காரணமாகிவிடும்.

மொழிச் சிறுபான்மையினருக்கான சிறப்பு அதிகாரியின் அறிக்கைகளை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும் என்பது 350-பி பிரிவு. தங்கவயல் போன்ற ஊர்களின் ஆசிரியர் காலியிடங்களைக் கேள்வியாக்க உறுப்பினர்களுக்கு அதுவே வழி.